ஐந்தாம் வகுப்பில் ‘புதையல் தீவு’

வணக்கம் ஐயா,

நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடலோர ஊர் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். ‘புதையல் தீவு’ நாவலைத் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் அருஞ்சொற்பொருளும் வினா விடையும் எழுதவைக்கிறேன். ஆரம்பத்தில் இருந்த ஆர்வம் இப்போது பிள்ளைகளிடம் இல்லை. கொலை, குடி எல்லாம் வருகிறதே, இந்த வயதுக்குச் சரிதானா என்ற தயக்கமும் இருக்கிறது.

அன்புள்ள ஆசிரியைக்கு,

நாவலை விடாதீர்கள். வினா விடையை விட்டுவிடுங்கள்.

வீட்டில் எல்லோரும் கூடிக் கேட்டு வளர்ந்த கதை அது. 1881 கோடையில், ஸ்காட்லாந்தின் பிரேமாரில் மழையால் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்த நாட்களில், நாவலை எழுதிய ஸ்டீவன்சன் தன் வளர்ப்பு மகன் லாயிடுக்காக ஒரு தீவின் வரைபடத்தை வரைந்தார். அப்புறம் நாளுக்கு ஓர் அத்தியாயம் எழுதி வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த அவருடைய அப்பாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கதையில் வரும் பழைய கடற்கொள்ளைக்காரன் பில்லி போன்ஸின் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று அவரே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்! உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த இடத்தைக் கொடுங்கள். அந்தப் பெட்டியைத் திறக்கும் பக்கம் வருவதற்கு முன்பே நிறுத்தி, உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள்.

பத்தாம் அத்தியாயத்தின் முடிவைப் பாருங்கள். ஆப்பிள் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கிய கதாநாயகச் சிறுவன் ஜிம் அப்படியே கண்ணயரப் போகிறான். பாரமான ஓர் ஆள் வந்து பீப்பாயில் சாய்ந்து உட்காருகிறான். பீப்பாய் ஆடுகிறது. கேட்பது சில்வரின் குரல், கப்பலில் சமையல்காரனாக வந்திருக்கும் கொள்ளைக்காரன். பத்துப் பன்னிரண்டு சொல் காதில் விழுவதற்குள், கப்பலில் உள்ள நல்லவர்களின் உயிர் தன் ஒருவன் கையில் என்று ஜிம்முக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே புத்தகத்தை மூடிவிடுங்கள். அருஞ்சொற்பொருள் எழுதச் சொன்னால் அந்தப் படபடப்பு அப்போதே போய்விடும்.

சொல் புரியாவிட்டால் வகுப்பையே கேளுங்கள். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். நங்கூரம், நீரோட்டம், கொண்டல் காற்று, கச்சான் காற்று எல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சு. படிப்பில் பின்தங்கியவன் என்று நாம் நினைக்கும் பையன் அன்றைக்கு எழுந்து நின்று சொல்லித்தருவான்.

கொலையைத் தாண்டிப் போகாதீர்கள். ஜிம்மிடம் அத்தனை பிரியமாகப் பேசிய சில்வர்தான் தன்னோடு சேர மறுத்த மாலுமி டாமைக் கொல்கிறான். “அவன் நல்லவனா, கெட்டவனா டீச்சர்?” என்று கேட்பார்கள். அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும், தீர்ப்பு நீங்கள் சொல்ல வேண்டாம். குடியைப் பற்றியும் பயம் வேண்டாம். ரம்மை விடாவிட்டால் சாவுதான் என்று டாக்டர் லிவ்சி எச்சரிக்கிறார், பில்லி போன்ஸ் கேட்காமல் சாகிறான்.

மொத்தம் 34 அத்தியாயங்கள். நாளுக்கு ஒன்று போதும். இரண்டாவது கேட்டுக் கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.