மோடத்தில் ஜம்பரைத் தேடாதீர்கள்

கேள்வி: என்னுடையது 486 கணினி, விண்டோஸ் 95. மவுஸ் 'காம் 1' என்ற சீரியல் போர்ட்டில் இருக்கிறது. கணினிக்குள் இருந்த, போன் லைன் வழியாக இணைக்கும் பழைய மோடம் கார்டு போன மழையில் இடி இறங்கிப் போய்விட்டது. அதைக் கழற்றிவிட்டு, வெளியே வைக்கும் 33.6 கே ஸ்போர்ட்ஸ்டர் மோடம் வாங்கினேன். கடைக்காரர் "ஜம்பரை மாத்திப் போடுங்க சார்" என்றார். மோடத்தை எப்படிப் புரட்டினாலும் ஜம்பர் இல்லை. பின்னால் எட்டு சின்ன சுவிட்சுகள்தான் இருக்கின்றன. டயல் செய்தால் மவுஸ் உறைந்துபோகிறது. என்ன செய்வது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கடைக்காரர் சொன்னது சரிதான். எங்கே என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார். ஜம்பர் என்பது இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் தொப்பி. நீங்கள் மாற்றவேண்டிய ஜம்பர் கணினிக்குள் இருக்கும் ஐ.ஓ. கார்டில் இருக்கிறது. 486-ல் மவுஸ், பிரிண்டர், ஹார்ட் டிஸ்க் கேபிள்கள் எல்லாம் பெரும்பாலும் போய்ச் சேரும் கார்டு அது.

என் ஊகம் இதுதான். பழைய மோடம் கார்டைப் பொருத்தியவர் அதற்கு 'காம் 2'-ஐக் கொடுத்திருப்பார். இரண்டும் மோதக்கூடாதே என்று ஐ.ஓ. கார்டின் இரண்டாவது சீரியல் போர்ட்டை 'காம் 3'-க்கு நகர்த்தியிருப்பார். இப்போது மோடம் கார்டு போய்விட்டது, ஜம்பர் மட்டும் அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நீங்கள் புது மோடத்தை அந்தப் போர்ட்டில்தான் செருகியிருக்கிறீர்கள். காம் 1, காம் 3 இரண்டுக்கும் வழக்கமான ஐ.ஆர்.க்யூ. (கணினியின் கவனத்தைக் கூப்பிடும் தடம்) 4. ஒரே காலிங் பெல்லை இரண்டு குடித்தனக்காரர்களுக்கு மாட்டின மாதிரி. பெல் அடித்தால் கதவைத் திறக்கப் போகிறவர் மோடம். மவுஸ் வாசலிலேயே நிற்கிறது.

கேபினெட்டைத் திறக்கும் முன் ஒன்று பாருங்கள். கணினி எழும்போது ஒரு கட்டம் போட்ட திரை வந்து மறையும். அப்போது அதை நிறுத்திவைக்கும் 'பாஸ்' (Pause) விசையை அழுத்துங்கள். சீரியல் போர்ட் என்ற வரியில் 3எஃப்8, 2எஃப்8 என்ற முகவரிகள் இருந்தால் காம் 1, காம் 2. என் ஊகம் தப்பு, மறுபடி எழுதுங்கள். 3எஃப்8, 3ஈ8 என்று இருந்தால் கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம்.

மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பை ஒருதரம் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். கார்டோடு வந்த ஒற்றைத் தாள் இருந்தால் பாக்கியம். இல்லையென்றால் கார்டின் மேலேயே வெள்ளை எழுத்தில் பொடிப்பொடியாக அச்சடித்திருக்கும். டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வேண்டும். ஜம்பர் எண்கள் கார்டுக்குக் கார்டு மாறும், அதனால் இந்த எண்ணை மாற்றுங்கள் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: பல கார்டுகளில் முகவரிக்கு ஒரு ஜம்பர், ஐ.ஆர்.க்யூ.வுக்கு வேறொரு ஜம்பர். முகவரியை 2எஃப்8 ஆக்கிவிட்டு ஐ.ஆர்.க்யூ.வை 4-லேயே விட்டுவிட்டு, "மாத்திட்டேன், அப்படியேதான் இருக்கு" என்று வந்து நின்றவர்கள் அநேகம். காம் 2-க்கு 2எஃப்8, ஐ.ஆர்.க்யூ. 3. இரண்டும் மாறவேண்டும்.

மாற்றும் முன் இப்போதிருக்கும் நிலையைத் தாளில் படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய தொப்பி மிஞ்சினால் பாக்கெட்டில் போடாதீர்கள், அரிசியளவுதான் இருக்கும். ஒரே பின்னில் தொங்கவிடுங்கள். வேலை செய்யாது, தொலையவும் தொலையாது. அப்புறம் விண்டோஸில் பழைய மோடத்தையும் காம் 3-ஐயும் நீக்கிவிட்டு, புதிய வன்பொருளைத் தேடச் சொல்லுங்கள்.

கணினிக்கும் மோடத்துக்கும் இடையே வைக்கும் போர்ட் வேகத்தில் ஆசைப்படாதீர்கள். பழைய ஐ.ஓ. கார்டில் சீரியல் போர்ட்டை நடத்துவது 16450 சில்லாக இருந்தால் அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு எழுத்தைத்தான் பிடித்துவைக்கும். 1,15,200 வேகத்தில் நொடிக்கு 11,520 எழுத்துகள் வரும்; விண்டோஸ் கொஞ்சம் கண் அசந்தால் எழுத்துகள் சிந்திவிடும். 38,400 வைத்துப் பாருங்கள், அதிலும் சிந்தினால் 19,200. 16550ஏ சில்லு உள்ள கார்டு கிடைத்தால் வாங்கிவிடுங்கள், அது 16 எழுத்துகளைத் தாங்கும்.

பின்னாலுள்ள எட்டு சுவிட்சுகளை நோண்டவேண்டாம். ஸ்போர்ட்ஸ்டரில் 3, 5, 8 கீழே, மற்றவை மேலே. தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் நிலை அதுதான். ஐந்தாவதை நான் ஒருமுறை மேலே தள்ளிவிட்டு மறந்துபோனேன். அது மேலே இருந்தால் மணி அடித்ததும் மோடமே போனை எடுத்துவிடும். அன்று இரவு பெரியம்மா ஊரிலிருந்து மூன்று தடவை போன் செய்திருக்கிறார். மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணி, "அவன் வீட்ல என்ன, யாரோ கிறீச் கிறீச்னு கத்தறாங்களே, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்களா?" என்று கேட்டார். முன்பக்கம் 'ஏ.ஏ.' (ஆட்டோ ஆன்சர்) விளக்கு எரிந்தால் உங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

கேள்வி: மோடம் கேபிளின் 25 பின் முனை கணினியின் பின்னால் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் மோடம் தெரியவே இல்லை.
- வாசகி, காரைக்குடி

பதில்: நீங்கள் செருகியது பிரிண்டர் போர்ட்டில். கணினியில் துளைகளோடு இருக்கும் 25 பிரிண்டருக்கு. பின்கள் துருத்திக்கொண்டிருக்கும் 9 அல்லது 25 சீரியலுக்கு. கேபிளைத் திருப்புங்கள்: 25 பின் முனை மோடத்துக்கு, மறுமுனை கணினிக்கு. மவுஸோடு வந்த மாற்றியை இடையில் போடாதீர்கள். மவுஸுக்கு வேண்டிய கம்பிகள் மட்டுமே அதில் இருக்கக்கூடும். மோடத்துக்கு அது போதாது.

கேள்வி: ரிசீவரை எடுத்தால் டயல் டோன் நன்றாகக் கேட்கிறது. மோடம் மட்டும் 'நோ டயல் டோன்' என்கிறது.
- வாசகர், தூத்துக்குடி

பதில்: நம் எக்ஸ்சேஞ்ச் தரும் டோன் உங்கள் மோடத்துக்குப் பழகாததாக இருக்கலாம். மோடம் அமைப்பில் கூடுதல் கட்டளை என்ற இடத்தில் எக்ஸ்3 என்று சேருங்கள், டோனுக்குக் காத்திராமல் டயல் செய்துவிடும். உங்கள் போனில் எண்ணை அழுத்தினால் டக் டக் என்று கேட்கிறதா? அப்படியானால் டோனை விட்டுவிட்டு 'பல்ஸ்' டயலிங்கைத் தேர்ந்தெடுங்கள்.