மச்சான் போட்ட சீட்டு மலர்ந்தால்...

கேள்வி: ஞாயிறு ராத்திரி சொந்தக்காரர்கள் ஆறு பேர் எங்கள் வீட்டில் போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். போன வாரம் என் மனைவியின் அண்ணன் சீட்டுப் போட்டபோது, நாலாவதாக உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் ஆட்டின் ஆசு ஜமக்காளத்தில் மலர்ந்து விழுந்தது. "அது என் சீட்டுத்தானே, நானே வெச்சுக்கறேன்" என்றார் அவர். அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் பெட் கட்டி முடிக்கும் முன்பே மச்சான் ஃபிளாப்பை (நடுவில் எல்லாருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டு) விரித்துவிட்டார். இரண்டு தடவையும் "கலைச்சுப் போடுங்க" என்று சத்தம் போட்டேன். மச்சான் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டிலும் எனக்குச் சரியான பேச்சு இல்லை. நான் செய்தது தப்பா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: இரண்டு தவறுக்கும் ஒரே தீர்ப்புச் சொன்னீர்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான்.

ஆசு விஷயத்தை முதலில் பார்ப்போம். ஆட்டத்தில் போடுகிற முதல் சீட்டோ இரண்டாவது சீட்டோ மலர்ந்தால் மிஸ்டீல், அதாவது போட்டது செல்லாது, கலைத்துப் போட வேண்டியதுதான். எந்த இடத்திலானாலும் இரண்டு சீட்டு தெரிந்துவிட்டால் அப்போதும் அப்படியே. பெரியப்பா நாலாவது ஆள், மலர்ந்தது ஒன்றே ஒன்று. எனவே ஆட்டம் தொடரும். எல்லாருக்கும் போட்டு முடித்ததும் கட்டின் மேல் சீட்டு பெரியப்பாவுக்குப் போகும். ஆசு எல்லார் கண்ணிலும் படும்படி பர்ன் கார்டாகிவிடும், அதாவது ஃபிளாப் விரிக்கும் முன் ஆட்டத்தில் சேராமல் ஒதுக்கி வைக்கும் சீட்டு. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவரைக் கேட்கவே கூடாது. ஆசு வந்தால் வைத்துக்கொள்வார், ரெண்டு வந்தால் வேண்டாம் என்பார். அதற்காக மொத்தமாகக் கலைத்தாலும் நியாயமில்லை. கையில் ஜோடி ராஜாவைப் பார்த்துவிட்டவருக்கு வயிறு எரியாதா?

ஃபிளாப் கதை வேறு. அங்கே கையில் இருக்கும் சீட்டுக்கும் கட்டிய பெட்டுக்கும் ஒரு பழுதும் இல்லை, அவற்றைத் தொடாதீர்கள். பர்ன் கார்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். விரித்த மூன்றையும் மிச்சக் கட்டோடு சேர்த்துக் கலைத்து, பாக்கிப் பேரும் பெட் முடித்தபின், மறுபடி பர்ன் செய்யாமல் புதிதாக மூன்று விரிக்க வேண்டும்.

ஆட்டத்தை எவ்வளவு குறைவாகக் கலைத்துச் சரிசெய்ய முடியுமோ, அதுதான் நல்ல தீர்ப்பு. அதற்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு. இரண்டு பேர் முறைப்படி ஆடி, அதில் ஒருவராவது கொட்டையை வைத்துவிட்டால், அல்லது மூன்று பேரின் முறை முடிந்துவிட்டால், அதற்குமேல் யாரும் மிஸ்டீல் கேட்க முடியாது. அப்போது ஒருவர் கையில் இரண்டுக்குப் பதில் மூன்று சீட்டு இருப்பது தெரிய வந்தால் அவர் கை மட்டும் செத்தது, மற்றவர்கள் ஆடலாம். இதில்தான் குடும்பத்தில் சண்டை வரும். மோசமான சீட்டு வந்தவருக்குத்தான் திடீரென்று சட்டம் ஞாபகம் வரும்!

அதனால், வீட்டுக்காரர் என்பதற்காக நீங்களே நாட்டாமை ஆகாதீர்கள். அந்த ஆட்டத்தில் ஃபோல்டு செய்து (சீட்டைப் போட்டுவிட்டு) ஒதுங்கியவரைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள். எல்லாரும் ஆட்டத்தில் இருந்தால் முன்பே எழுதி வைத்த விதி பேசட்டும். அரைப் பக்கம் போதும்.

அப்புறம், அந்த ஜமக்காளம். பவானி ஜமக்காளம் கல்யாணப் பந்திக்கு ராஜா, சீட்டுக்கு ஆகாது. அந்தத் தடித்த நெசவில் சீட்டு வழுக்காது, விளிம்பு தட்டிப் புரளும். மேலே ஒரு சென்னிமலை பெட்ஷீட்டை இழுத்து விரியுங்கள், பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு ஒன்று வாங்குங்கள். தூக்கி வீசாமல் தரையோடு தள்ளிப் போடச் சொல்லுங்கள். மச்சான் மீது பாதித் தப்புக்கூட இருக்காது.

புளியங்கொட்டையோடு நிற்பது ரொம்ப நல்லது, அதை மாற்றிவிடாதீர்கள்.

மச்சானுக்கு ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஃபோன் போட்டு, "ஆசுக்கு நான் கலைக்கச் சொன்னது தப்புங்க மச்சான், ஃபிளாப்புக்கும் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் உங்கள் மனைவி இருக்கும்போது பேசினால் இன்னும் நல்லது.