‘ப்ரொஹிபிட்’ எங்கே, ‘ஃபர்பிட்’ எங்கே?

கேள்வி: அலுவலகத்தில் மின்னஞ்சல் எல்லாம் ஆங்கிலத்தில்தான். “மை மேனேஜர் ப்ரொஹிபிட்டட் மீ டு டேக் லீவ்” என்று நான் எழுதியதைப் பார்த்து உடன் வேலை செய்பவர் சிரித்துவிட்டார். அகராதியைப் புரட்டினால் ஃபர்பிட், ப்ரொஹிபிட், பேன், ப்ரிவென்ட், டிஸ்அலவ் எல்லாவற்றுக்கும் ‘தடை செய்’, ‘தடு’ என்றே இருக்கிறது. எதை எங்கே எழுதுவது?

பதில்: முதலில் உங்கள் வாக்கியத்தைச் சரிசெய்துவிடுவோம். லீவ் கேட்டீர்கள், கிடைக்கவில்லை. அதற்கு இந்த ஐந்துமே வேண்டாம். “மை மேனேஜர் டிட்ன்ட் அப்ரூவ் மை லீவ்” போதும். பேச்சில் என்றால் “டிட்ன்ட் லெட் மீ”. அன்றாட ஆங்கிலத்தில் பெரும்பாலான ‘விடவில்லை’க்கு இதுதான் வழக்கம். பெரிய வினைச்சொல் போட்டால் மரியாதை கூடும் என்று நாம் நினைக்கிறோம். படிக்கிறவருக்கோ மேலாளர் அரசாணை பிறப்பித்தது போல இருக்கும்.

இந்தச் சொற்களை எது கடுமையானது, எது மென்மையானது என்று வரிசைப்படுத்திப் பார்ப்பதால்தான் குழப்பம். ‘கூடாது’ என்று சொல்வது யார், ஆளா சட்டமா என்று பாருங்கள். அப்புறம், அந்தச் செயல் உண்மையிலேயே நின்றதா என்று பாருங்கள்.

ஆள் ஆளுக்குச் சொல்வது ஃபர்பிட். பெற்றோர் பிள்ளைக்கு, மருத்துவர் நோயாளிக்கு. சொல்பவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். “ஐ ஃபர்பிட் யூ” என்று நேரில் சொன்னால் இன்று கொஞ்சம் ராஜ தோரணை அடிக்கும். சட்டமும் விதியும் சொல்வது ப்ரொஹிபிட். அறிவிப்புப் பலகையில் அது பொருந்தும். அம்மா வாயில் பொருந்தாது. இலக்கணமும் வேறு: ஃபர்பிட்டுக்குப் பின் ‘டு கோ’ வரலாம், ப்ரொஹிபிட்டுக்குப் பின் ‘ஃப்ரம் கோயிங்’தான். ஃபர்பிட்டோடும் ‘ஃப்ரம்’ சேர்ப்பது இப்போது சகஜமாகிவிட்டதால், சந்தேகம் வந்தால் ‘ஃப்ரம்... இங்’ போட்டுவிடுங்கள். நீங்கள் கேட்டவற்றில் டிஸ்அலவ் தவிர மற்ற நான்கிற்கும் அது ஒத்துவரும்.

பேன் (தலையில் ஊர்வது அல்ல) அமைப்போ அரசோ அறிவிப்பது. பெரும்பாலும், அதுவரை நடந்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்தும்போது வரும். விளையாட்டுச் செய்திகளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் பட்டியலுக்கு அதிகாரபூர்வப் பெயர் ‘ப்ரொஹிபிட்டட் லிஸ்ட்’. அதே மருந்தைச் செய்தித்தாள்கள் ‘பேன்ட் சப்ஸ்டன்ஸ்’ என்று எழுதும். தலைப்பில் இடம் குறைவு, பேன் குட்டிச் சொல். அதோடு, ஆளையே ஒரு காலத்துக்கு விலக்கிவைப்பதற்கும் பேன்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கத்தை இழந்த பென் ஜான்சனுக்கு நேர்ந்தது அது. அவரை ‘ப்ரொஹிபிட்’ செய்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

ப்ரிவென்ட்டை இவற்றோடு சேர்க்கவே கூடாது. அதற்கு அதிகாரமோ ஆணையோ தேவையில்லை. மழைகூட ப்ரிவென்ட் பண்ணும், பூட்டும் பண்ணும். ஆனால் ப்ரிவென்ட் என்று எழுதிவிட்டால், செயல் நடக்கவில்லை என்று அர்த்தம். மற்றவற்றில் அந்த உறுதி இல்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அதற்குப் பெயரே ‘ப்ரொஹிபிஷன்’. தயாரிப்பு, விற்பனை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வது எல்லாவற்றையும் அரசியல் சட்டத் திருத்தம் ப்ரொஹிபிட் செய்தது. கள்ளச் சாராயம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ப்ரிவென்ட் ஆகவில்லை. உங்கள் அறிக்கையில் “தி பாலிசி ப்ரிவென்ட்ஸ் பாஸ்வேர்ட் ஷேரிங்” என்று எழுதினால், யாராலும் பகிர முடியாது என்று உறுதி கொடுக்கிறீர்கள். கொள்கை சொல்வது ‘பகிராதே’ என்று மட்டும்தானே? அப்போது ப்ரொஹிபிட்ஸ்.

டிஸ்அலவ் நடந்து முடிந்ததைச் செல்லாது என்பது. பந்து வலைக்குள் போய்விட்டது, ஆஃப்சைடு, கோல் ‘டிஸ்அலவ்ட்’. செலவுக் கணக்குக்கும் இதே கதை: பணத்தைச் செலவழித்த பிறகுதான் கணக்குப் பிரிவு டிஸ்அலவ் செய்யும்.

தமிழில் யோசித்து எழுதுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ‘போகக் கூடாது என்று தடுத்தார்’ என்பதை அப்படியே மாற்றி “ஹி ஃபர்பேட் மீ நாட் டு கோ” என்று எழுதுவார்கள். ‘கூடாது’ ஏற்கெனவே வினைச்சொல்லுக்குள் இருக்கிறது. மேலே ஒரு ‘நாட்’ சேர்த்தால், போகாமல் இருக்கக் கூடாது, அதாவது போயே ஆக வேண்டும் என்றாகிவிடும். அந்த ‘நாட்’டை எடுத்துவிட்டால் வாக்கியம் சரி.