கார்பன் கிரெடிட் வாங்கினால் ஐரோப்பாவின் எல்லை வரி குறையுமா?

கேள்வி: நாங்கள் போல்ட், நட்டு தயாரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் சிறு தொழிலகம். எங்கள் சரக்கின் கார்பன் கணக்கைத் தருமாறு வாங்குபவர் கேட்கிறார். கார்பன் கிரெடிட்டும் சூரிய மின்சாரச் சான்றிதழும் வாங்கிவிட்டால் வரியே வராது என்றும், வாங்காவிட்டால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும் என்றும் ஓர் ஆலோசகர் சொல்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். அவர் விற்கும் இரண்டு தாள்களும் நீங்கள் அஞ்சுகிற வரியில் ஒரு காசைக்கூடக் குறைக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி, அதாவது இறக்குமதிப் பொருளை உருவாக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்கான வரி, 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்துள்ளது; இரும்பு, எஃகுப் பொருள்களோடு போல்ட், நட்டு, திருகு ஆகியவையும் அதில் அடங்கும். வரியைக் கட்டவேண்டியவர் நீங்கள் அல்ல, அங்கே இறக்குமதி செய்பவர். 2026இல் இறக்கிய சரக்குக்கான கணக்கை 2027 செப்டம்பர் 30க்குள் அவர் தாக்கல் செய்ய வேண்டும். வரியாக அவர் வாங்கிச் செலுத்தவேண்டிய சான்றுகளின் விற்பனையே 2027 பிப்ரவரியில்தான் தொடங்குகிறது. சரக்கு துறைமுகத்தில் நிற்கக்கூடும் என்பது பொய்யல்ல, ஆனால் அது இறக்குமதியாளர் தம் நாட்டு அதிகாரிகளிடம் உரிய அனுமதி பெறாதபோது நடப்பது. உங்களிடம் கிரெடிட் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

கிரெடிட் ஏன் உதவாது? எங்கோ மரம் நட்டதற்கோ, காற்றாலை அமைத்ததற்கோ கொடுக்கப்பட்ட தாளை இந்த விதி ஏற்பதில்லை. உங்கள் பொருளும் அதற்கான மூலப்பொருளும் உருவான ஆலைகளில் உண்மையாக எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்பதை மட்டுமே அது பார்க்கிறது. உற்பத்தி செய்த நாட்டின் சட்டப்படி கார்பனுக்கு உண்மையாகவே விலை கட்டியிருந்தால், அதை ஆதாரத்துடன் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். தன்விருப்பச் சந்தையில் வாங்கிய கிரெடிட் அந்த வகையில் சேராது.

சூரிய மின்சாரச் சான்றிதழின் கதை இன்னும் வேடிக்கையானது. இரும்பு, எஃகுப் பொருள்களுக்கு இப்போதைய விதிப்படி ஆலையின் நேரடி உமிழ்வுக்கு மட்டுமே வரி. வாங்கிய மின்சாரத்தின் பின்னால் இருக்கும் உமிழ்வு அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. கணக்கில் இல்லாத ஒன்றைக் குறைக்கவா நீங்கள் பணம் கொடுப்பது? கூரையில் சூரியத் தகடு போடுவதால் மின்கட்டணம் குறையும் என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் இந்த வரிக்காக என்று சொல்லி யாரும் உங்களிடம் விற்க வேண்டாம். நிலக்கரி மின்சாரத்தில் உருக்கிய எஃகையும் காற்றாலை மின்சாரத்தில் உருக்கிய எஃகையும் ஒரே தட்டில் வைக்கும் இந்த விதி நியாயமா என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. பிரஸ்ஸல்ஸில் விதி எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் போல்ட்டின் கார்பனில் பெரும்பகுதி உங்கள் பட்டறையில் உருவானதே அல்ல. தலை அடிப்பதும் மரை உருட்டுவதும் மின்சாரத்தில் நடப்பவை. வெப்பப் பதப்படுத்தும் உலையில் எரியும் எரிவாயுவோ எண்ணெயோதான் உங்கள் நேரடிப் பங்கு, அது சிறியது. மீதியெல்லாம் நீங்கள் வாங்கும் வயர் ராடுக்குள், அதாவது போல்ட் செய்யும் எஃகுக் கம்பிக்குள், ஏற்கெனவே இருக்கிறது. நிலக்கரியால் தாதுவை உருக்கும் ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2.3 டன் கரியமில வாயு வெளியாகிறது; பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால், மின்சாரத்தையும் சேர்த்தே, சுமார் 0.7 டன்தான். ஆகவே உங்கள் முதல் கேள்வி ஆலோசகரிடம் அல்ல, வயர் ராடு தந்த எஃகு ஆலையிடம் போக வேண்டும்: இந்த ஹீட் எண்ணுக்கு (ஒரே தடவையில் உருக்கிய தொகுதியின் எண்) உரிய எஃகு எந்த ஆலையில், எந்த வழியில் உருவானது, டன்னுக்கு நேரடி உமிழ்வு எவ்வளவு? சில டீலர்கள் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில், அதாவது ஆலை தரும் தரச் சோதனைச் சான்றில், உள்ள கார்பன் சதவீதத்தையே காட்டி இதுதான் கார்பன் அறிக்கை என்று சொல்லிவிடுகிறார்கள். அது எஃகுக்குள் கலந்திருக்கும் கரியின் அளவு. புகைபோக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சிறு தொழிலகம் கேட்டால் பெரிய ஆலைகள் இந்த எண்ணை எளிதில் தருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். கருத்தரங்கு நடத்தச் சலிக்காத தொழில் அமைப்புகளுக்கு, ஆலைகள் இந்த ஒற்றை எண்ணைப் பில்லோடு சேர்த்தே தரவேண்டும் என்று வற்புறுத்த மட்டும் நேரம் கிடைப்பதில்லை. எண் வராவிட்டால் உண்மை எண்ணுக்குப் பதிலாக ஐரோப்பிய ஆணையம் நிர்ணயித்த இயல்பு மதிப்பு பொருந்தும். அது வேண்டுமென்றே கூடுதல் சதவீதம் ஏற்றி வைக்கப்பட்டது. எண் வந்தாலும், உண்மை உமிழ்வாக அதைக் காட்ட, ஐரோப்பிய விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் கையெழுத்திட வேண்டும். தாம் அப்படிப்பட்டவர் என்று ஒருவர் சொன்னால், அங்கீகாரம் தந்த அமைப்பின் பெயரை எழுத்தில் வாங்கி, அந்த அமைப்பிடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பசுமை எஃகு நட்சத்திரச் சான்றையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024 டிசம்பரில் இந்திய எஃகு அமைச்சகம் வெளியிட்ட வகைப்பாட்டில், டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே உமிழ்வு இருந்தால் பசுமை எஃகு, 1.6க்கும் கீழே இருந்தால் ஐந்து நட்சத்திரம். அது மின்சாரத்தையும் சேர்க்கும் வேறொரு கணக்கு. அந்த எண்ணை அப்படியே ஐரோப்பியப் படிவத்தில் எழுத முடியாது.

முதல் ஆண்டில் 2.5 சதவீதம்தான் வரி, கவலை வேண்டாம் என்றும் சிலர் சொல்வார்கள். அதுவும் பாதி உண்மை. ஒவ்வொரு பொருளுக்கும், டன்னுக்கு இவ்வளவு உமிழ்வு என்று விதி வைத்திருக்கும் ஓர் ஒப்பீட்டு அளவு உண்டு. 2026இல் அந்த அளவில் 97.5 சதவீதம் உங்கள் பொருளின் உமிழ்விலிருந்து கழிக்கப்படும், 2034க்குள் அந்தக் கழிவு முற்றிலும் இல்லாமல் போகும். உதாரணமாக ஒப்பீட்டு அளவு 1.4 டன், உங்கள் எஃகு 2.4 டன் என்றால், மேலதிகமான ஒரு டன் முழுவதற்கும் முதல் ஆண்டிலேயே வரி உண்டு.

ஒரு விலக்கு மட்டும் உண்மையிலேயே உங்களுக்குப் பயன்படலாம், அதையே எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஓர் இறக்குமதியாளர் ஓர் ஆண்டில் கொண்டுவருவது மொத்தம் 50 டன்னைத் தாண்டாவிட்டால் அவருக்கு இந்த வரி இல்லை. இது உங்கள் 50 டன் அல்ல, ஒரு கண்டெய்னரின் 50 டன்னும் அல்ல. அவர் உங்களிடமும் மற்ற எல்லாரிடமும், எல்லா நாடுகளிலிருந்தும் வாங்கும் எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் ஆகியவற்றின் ஆண்டு மொத்தம். நீங்கள் 8 டன் மட்டும் அனுப்பினாலும், அவர் வேறொருவரிடம் 43 டன் வாங்கியிருந்தால் மொத்தம் 51 ஆகிறது; தாண்டிய ஒரு டன்னுக்கு மட்டுமல்ல, அந்த ஆண்டில் ஏற்கெனவே இறங்கிய சரக்கு உட்பட அனைத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும். சரக்கைச் செயற்கையாகப் பல பெயர்களில் பிரித்து அனுப்பலாம் என்று யோசனை தருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அதைக் கண்காணிக்க விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். எனவே வாங்குபவரிடம், இந்த ஆண்டு உங்கள் மொத்தம் 50 டன்னைத் தாண்டுமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

தாண்டும் என்றால், பழைய இரும்பிலிருந்து உருக்கிய வயர் ராடுக்கு மாறுவதே உங்கள் கைக்கு எட்டும் வழி. பழைய இரும்புக்கு இந்தக் கணக்கில் உமிழ்வு பூஜ்யம். ஆனால் அதில் செம்பு கூடுதலாகக் கலந்திருந்தால் தலை அடிக்கும்போது வெடிப்பு வரும், ஆகவே செம்பின் வரம்பைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதி, முதலில் ஒரு சிறு அளவைச் சோதித்துப் பாருங்கள். நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவிலிருந்து எடுக்கும் எஃகுக்காகக் காத்திருக்க வேண்டாம். சுவீடனின் லூலியோவில் 2020இல் தொடங்கிய சோதனை ஆலை அது முடியும் என்று காட்டிவிட்டது, உங்கள் டீலரின் கிடங்குக்கு அது வந்துசேரும் காலம் வேறு. வாங்குபவருடன் அடுத்த விலை ஒப்பந்தம் போடும்போது, இயல்பு மதிப்பால் வரும் கூடுதல் வரியை யார் சுமப்பது என்பதைத் தனி நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் 2027இல் அந்தத் தொகை உங்கள் பில்லிலிருந்துதான் பிடிக்கப்படும்.