மீதி ஆறு நாளும் என்ன வேலை?

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நீங்க துபாய்ல வாலிபர் ஊழியம் பண்ணிட்டு மதுரைக்கே திரும்பி வந்துட்டதா எங்க சபைல சொன்னாங்க, அதான் எழுதுறேன். என் மகன் பி.இ. முடிச்சு ரெண்டு வருஷம் சென்னைல வேலை பாத்தான். இப்ப துபாய்ல ஒரு தமிழ்ச் சபைக்கு வாலிபர் ஊழியரா கூப்பிடுறாங்க, போயே தீருவேன்னு நிக்கிறான். அவங்க அப்பா அவன்கிட்ட பேச்சையே நிறுத்திட்டார். எனக்கு மூணு கேள்வி. வாரத்துல ரெண்டு மணி நேரம் கூட்டம் நடத்த ஒரு ஆள் எதுக்கு, மீதி ஆறு நாளும் என்ன வேலை? வெள்ளைக்காரங்க இங்க வந்து ஊழியம் பண்ணாங்க சரி, இங்கிருந்து போய் அங்க வசதியா இருக்கிற பிள்ளைங்களுக்கு என்ன ஊழியம்? அப்புறம், இவன் எதிர்காலம்? ஒளிக்காம சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு தாய், பசுமலை

*

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். உங்க முதல் கேள்விய எங்க அம்மாவும் கேட்டாங்க, கிட்டத்தட்ட இதே வார்த்தைல. நான் 2017-ல போய் 2023-ல வந்தேன், ஒவ்வொரு வெக்கேஷனுக்கும் கேட்டாங்க, ஒவ்வொரு தடவையும் "நிறைய வேலை இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிடுவேன். அவங்களுக்கு ஒழுங்கா சொல்லாம விட்டத உங்களுக்குச் சொல்றேன்.

நான் போனப்ப அங்க வாரமே வேற. வெள்ளி சனி லீவு, ஞாயித்துக்கிழமை ஆபீஸ் ஸ்கூல் எல்லாம் உண்டு, அதனால ஆராதனை வெள்ளிக்கிழமை. 2022 ஜனவரிலதான் சனி ஞாயிறு லீவு, வெள்ளி அரைநாள்னு மாத்தினாங்க. மாத்தினாலும் கம்பெனி என்னைக்கு ஆஃப் குடுக்குதோ அன்னைக்குத்தான் லேபர் பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமைகள்ல காலைல ஆறரைக்கு பஸ் கிளம்பும். சோனாப்பூர், அல் கூஸ்னு லேபர் கேம்ப் இருக்கிற ஏரியாவச் சுத்தி பசங்கள ஏத்திட்டு ஊத் மேத்தால இருக்கிற சர்ச் காம்பவுண்டுக்கு வரணும். அன்னைக்கு துபாய ஆண்ட ஷேக் ராஷித் சர்ச்சுக்குன்னு குடுத்த இடம் அது. உள்ள ஹால் ஹாலா இருக்கும், மணிக்கணக்கு வச்சு ஒவ்வொரு பாஷைக்காரங்களும் மாறி மாறி ஆராதிப்பாங்க. நாம பத்து நிமிஷம் கூட எடுத்தா அடுத்த சபைக்காரங்க கீபோர்டத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. அதனால வாலிபர் கூட்டம்னா பாட்டு, வேதபாடம், ஜெபம், அவ்வளவுதான். ஒரு பையன் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள சேர மடக்கி ஹாலக் காலி பண்ணணும். சொல்ல வந்தத அவன் எப்பத்தான் சொல்லுவான்? அதுக்குத்தான்க்கா மீதி ஆறு நாள்.

இது எனக்குப் போனவுடனே தெரியல. முதல் வருஷம் நானும் கூட்டத்தத்தான் ஊழியம்னு நெனச்சேன், வாரம் பூராம் உக்காந்து வேதபாடம் தயாரிப்பேன், பவர்பாயிண்ட் போடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பையன் "அண்ணா ஃப்ரீயா"ன்னு வாட்ஸ்அப் அனுப்பினான். நான் பாத்தேன். வெள்ளிக்கிழமைதான் நேர்ல பாக்கப்போறோமேன்னு ஒரு கட்டைவிரல மட்டும் போட்டுட்டு விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை அவன் வரல. அவங்க அப்பாவுக்கு வேலை போயிருக்கு, விசா கேன்சல் ஆகுது, அம்மாவும் பிள்ளைங்களும் வியாழக்கிழமை ராத்திரி ஃப்ளைட்லயே கிளம்பிட்டாங்க. பிறந்ததுல இருந்து அங்கேயே வளர்ந்தவன், பாதிப் படிப்புல, கூடப் படிச்சவங்ககிட்ட கூட சொல்லாம போயிட்டான். மெசேஜ் அனுப்பினப்ப கையில மூணு பெட்டியோட உக்காந்திருந்தானாம், எதை எடுக்கிறது எதை விடுறதுன்னு தெரியாம. இத அவனே ஒரு வருஷம் கழிச்சு போன்ல சொன்னான், குறையா சொல்லல, சும்மா சொன்னான். எனக்கு இன்னைக்கும் அது நெஞ்சுல நிக்குது. அதுல இருந்து "ஃப்ரீயா"ன்னு எவன் கேட்டாலும் அஞ்சு நிமிஷத்துல கூப்பிட்ருவேன்.

அப்புறம் என் வாரம் எப்படி மாறுச்சுன்னா, சனிக்கிழமை ஆஸ்பத்திரி. ராஷித் ஹாஸ்பிட்டல்ல சாரத்துல இருந்து விழுந்தவன், ரோட்ல அடிபட்டவன்னு நம்ம பக்கத்துப் பசங்க யாராவது ஒருத்தன் கிடப்பான், டாக்டர் சொல்றத அவனுக்கும், ஊர்ல இருக்கிற அவங்க அம்மாவுக்கும் தமிழ்ல சொல்லணும். அங்க ராத்திரி பத்துன்னா இங்க பதினொன்றரை, அந்த நேரத்துல போன் வந்தாலே வீட்ல பதறிடுவாங்க, அதனால எடுத்தவுடனே "பையன் நல்லாருக்கான்"னு சொல்லிட்டுத்தான் மத்தது. ஞாயிறு, திங்கள் ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்கள அவங்க வீட்லயே, அம்மா அப்பா இருக்கும்போது போய்ப் பாக்கிறது. சின்னப் பிள்ளைங்கள தனியா கதவடைச்ச ரூம்ல உக்காரவச்சு பேசவே கூடாது, எவ்வளவு நம்பிக்கையான ஊழியரா இருந்தாலும் சரி, இத உங்க மகன் முதல் நாள்ல இருந்தே சட்டமா வச்சுக்கணும், கூப்பிடுற சபைல அப்படி ஒரு ஒழுங்கு எழுத்துல இருக்கான்னும் கேட்டுக்கணும். செவ்வாய் எனக்கு ஓய்வு, பேருக்கு. புதன்ல பாடம் தயாரிப்பு. வியாழன் ராத்திரி டேரா பக்கம் பேச்சுலர் ரூம்ல ஜெபம். பெட் ஸ்பேஸ்னு சொல்லுவாங்க, ரூமுக்கு வாடகை இல்ல, கட்டிலுக்கு வாடகை. பத்து பன்னெண்டு பேர் மேலயும் கீழயுமா படுத்திருப்பாங்க, நாலு பேர் எந்திரிச்சு ஜெபிப்பாங்க, மத்தவங்க வேற மதமா இருப்பாங்க, இல்ல ஷிஃப்ட் முடிஞ்சு தூங்குவாங்க, அதனால பாட்ட முணுமுணுப்பாத்தான் பாடுவோம்.

வெயில் காலத்துல இன்னொன்னு. ஜூன் 15-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் பன்னெண்டரைல இருந்து மூணு மணி வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு அங்க சட்டம். சைட்ல நெழல் இருக்கிற இடமாப் பாத்து அட்டைய விரிச்சுப் படுத்திருப்பாங்க, தூக்கம் வராது, அப்பத்தான் எனக்கு போன் வரும். ஏஜென்ட்டுக்குக் குடுத்த கடன், தங்கச்சி கல்யாணம், ஊர்ல பேசிவச்ச பொண்ணு போன் எடுக்க மாட்டேங்கிறது, எல்லாம் அந்த ரெண்டரை மணி நேரத்துலதான். அந்த மூணு மாசமும் நான் மதியச் சாப்பாட்ட பன்னெண்டுக்கே முடிச்சிருவேன்.

அப்புறம் "வசதியா இருக்கிற பிள்ளைங்க"ன்னு எழுதியிருந்தீங்க. ஏசி வீடு, கார், இங்கிலீஷ் ஸ்கூல், உண்மைதான். ஆனா அங்கயே பிறந்தாலும் அவங்க அந்த ஊர்க்காரங்க ஆக முடியாது, அப்பாவோட விசாலதான் பிள்ளைங்க விசா நிக்குது. ஆம்பளப் பிள்ளைங்கள அப்பா ஸ்பான்சர் பண்றது முன்ன 18 வயசு வரைக்கும்தான் சுலபம், 2022-லதான் 25 ஆக்கினாங்க. அதனால நெறைய வீட்ல ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்சதும் பையன இந்தியாவுக்கு காலேஜுக்கு அனுப்பிருவாங்க. அப்பா அம்மா "ஊரு ஊரு"ன்னு சொல்றது அவனுக்கு வருஷத்துல ஒரு மாச லீவுல கொசுக்கடியோட பாத்த இடம். வருஷா வருஷம் ஏப்ரல்ல நம்ம கூட்டத்துலயே பொறுப்பா இருந்த பசங்கள்லாம் பிரிவுபசாரம் வாங்கிட்டுப் போயிருவாங்க, நாம திரும்ப ஒன்னுல இருந்து ஆரம்பிக்கணும். வெளிநாட்டு ஊழியத்துல எனக்கு ரொம்ப வலிச்சது இதுதான், தனிமை கூட ரெண்டாவதுதான்.

இந்த ஸ்கூல் பிள்ளைங்களும் கேம்ப் பசங்களும் ஒரே ஹால்ல உக்காந்தாலும் ரெண்டு சபை மாதிரி இருப்பாங்க. இவங்க இங்கிலீஷ்ல சிரிச்சுப் பேசுவாங்க, அவங்க கடைசி வரிசைல கையக் கட்டிட்டு இருப்பாங்க. எனக்கு அது பொறுக்கல. மேலூர்ப் பக்கத்துல இருந்து வந்த ஒருத்தருக்கு இருபத்தி நாலு வயசு, சாரம் கட்டுற வேலை. சேஃப்டி டெஸ்ட் இங்கிலீஷ்ல வருது, படிக்கத் தெரியலன்னார். பதினொன்னாவது படிக்கிற ஒரு பையனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. ரெண்டு பேரையும் பஸ்ஸுல ஒரே சீட்ல உக்காரவச்சேன், போகும்போது இங்கிலீஷ், வரும்போது தமிழ். தமிழுக்குப் புஸ்தகம் பைபிள்தான், 121-ம் சங்கீதம். சிமெண்ட்ல வெடிச்ச விரல எழுத்துக்குக் கீழ வச்சு அவர் நகத்தால ஒவ்வொன்னா நகர்த்துவார், இவன் கூட்டிக் கூட்டிப் படிப்பான். "பர்வதம்"ங்கிற வார்த்தைல நின்னுட்டான். "அண்ணே, அப்படின்னா?" "மலைடா. எங்க ஊருக்கு வர்ற வழில யானைமலைன்னு ஒன்னு இருக்கு, நெசமாவே யானை படுத்திருக்கிற மாதிரி இருக்கும், வா காட்டுறேன்." அன்னைக்கு சோனாப்பூர் வந்தும் ரெண்டு பேரும் இறங்கல, டிரைவர் ஹாரன் அடிச்சார்.

உங்க மகன்கிட்ட ஒன்னு தெளிவா சொல்லிருங்க. ஊழியம்னா தெருவுல நின்னு நோட்டீஸ் குடுக்கிறதுன்னு நெனச்சுப் போனா அங்க பெரிய பிரச்சினை. முஸ்லிம்கள்கிட்ட மதப்பிரச்சாரம் பண்றது அந்த நாட்டுல குற்றம், நமக்கு இடம் குடுத்தவங்க சட்டத்த மதிக்கணும். அனுமதி இல்லாம பண வசூல் பண்றதும் குற்றம். எனக்கு இது தெரியாம, அப்பா இறந்துபோன ஒரு பையனுக்கு டிக்கெட் எடுக்கணும்னு வாட்ஸ்அப் குரூப்ல வசூலுக்கு மெசேஜ் போட்டுட்டேன், சபை மூப்பர் ஒருத்தர் ராத்திரி ஒரு மணிக்கு கூப்பிட்டு முதல்ல அத அழிங்கன்னார். டிக்கெட்ட அவரே எடுத்துக் குடுத்தார். நல்ல மனசு மட்டும் பத்தாது, அந்த ஊர் ஒழுங்கு தெரிஞ்ச பெரியவங்க பேச்சக் கேக்கணும்.

ரெண்டாவது கேள்வி. வெள்ளைக்காரங்க வந்தாங்கன்னு சொல்றோம். மதுரைக்கு அமெரிக்கன் மிஷன் வந்தது 1834-ல, நேரா அமெரிக்காவுல இருந்து இல்ல, யாழ்ப்பாணத்துல இருந்து, அங்க படிச்ச தமிழ் ஆட்களையும் கூட்டிட்டுத்தான் வந்தாங்க. நீங்க இருக்கிற பசுமலையே அந்த மிஷன் வளர்த்த இடந்தான. பின்னாடி யாழ்ப்பாணத்து மாணவங்க தாங்களே காசு சேர்த்து நம்ம தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர அனுப்பினாங்க. வெள்ளாளன்விளைக்காரர் அசரியா, ஒய்.எம்.சி.ஏ.ங்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துல செயலாளரா வாலிபர்கள் மத்தில வேலை பாத்தவர், 1902-ல யாழ்ப்பாணம் போயிருந்தப்ப இதப் பாத்து மனசு குத்துப்பட்டுத்தான் ஊருக்கு வந்து 1903-ல திருநெல்வேலில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிக்கக் காரணமா இருந்தார். ஆக இங்கிருந்து போறதும் நம்ம பழக்கந்தான்.

அந்த ஒய்.எம்.சி.ஏ. எப்படி ஆரம்பிச்சதுன்னு பாத்தா எனக்கு டேரா ரூம்தான் ஞாபகம் வரும். 1844, லண்டன். ஜார்ஜ் வில்லியம்ஸ்னு இருபத்திரெண்டு வயசு, கிராமத்துல இருந்து வந்து ஜவுளிக்கடைல வேலை பாத்தவர். கடைப் பசங்க கடைக்கு மேலயே கூட்டமாத் தங்கி, விடிஞ்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் வேலை, ஊர் உறவு யாரும் பக்கத்துல கிடையாது. அவரும் கூட வேலை பாத்தவங்களும் தங்கின ரூம்ல கூடி ஜெபிச்சதுல இருந்து வந்ததுதான் அது. இன்னைக்கு அந்தக் கடைப் பசங்க மேலூர்ல இருந்தும் பரமக்குடில இருந்தும் போயிருக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிர்காலம். ஒளிக்காம சொல்லச் சொன்னீங்க. காசு சேராது. எனக்கு சபை குடுத்தது ஒரு ரூம், மாசச் சம்பளம், வருஷத்துக்கு ஒரு டிக்கெட். கூடப் படிச்சவங்க வீடு கட்டினாங்க, நான் கட்டல. எங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப நான் பக்கத்துல இல்ல, 2020-ல சர்ச் எல்லாம் மூடி ஃப்ளைட்டும் நின்னப்ப கேம்ப் பசங்களுக்கு ஊருக்குப் போற ஃபாரம் நிரப்பிக் குடுத்துட்டே இருந்தேன், என்னால போக முடியல. இதெல்லாம் தெரிஞ்சு போனா நிப்பான். அவங்க அப்பா கோவத்துல நியாயம் இருக்குக்கா, அத அவன் கேட்டே ஆகணும், பேசாம கிளம்பிப் போறது கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம்னு கணக்கு வச்சு சபைகிட்ட எழுதி வாங்கட்டும், ரெண்டு வருஷம் முடிஞ்சா வந்து அப்பாகிட்ட உக்காந்து பேசட்டும். சமைக்கத் தெரியுமா, பத்துப் பேருக்கு? ஒருத்தன் சொன்னத இன்னொருத்தன்கிட்ட சொல்லாம இருப்பானா? இந்த ரெண்டும் அவன் பாட்டு, பிரசங்கத்த விட முக்கியம்.

நான் திரும்பி வந்து இங்க என்ன பண்றேன்னு கேக்கல நீங்க, ஆனா சொல்றேன். அங்க ஏப்ரல்ல அனுப்பிவச்ச பிள்ளைங்க ஜூன்ல இங்கதான வந்து இறங்குறாங்க. மதுரை ஹாஸ்டல்ல சாம்பார் சாதத்தப் பாத்து முழிச்சுக்கிட்டு, பசங்க "ஏன்டா ஃபாரின்"னு கூப்பிட, பஸ்ல எந்தப் பக்கம் ஏறுறதுன்னு தெரியாம நிப்பாங்க. நாங்க நாலு பேர் சேர்ந்து ஏர்போர்ட்டுக்குப் போய் கூட்டிட்டு வர்றோம், சிம் கார்டு, பக்கெட், பாய் வாங்கிக் குடுத்து ஹாஸ்டல்ல விட்டுட்டு வாரம் ஒரு தடவ போய்ப் பாக்கிறோம். பஸ்ல தமிழ் படிச்ச அந்தப் பையனும் இப்படித்தான் வந்தான். ரிங் ரோட்டுல உத்தங்குடி தாண்டி ஒத்தக்கடைப் பக்கம் திரும்பினதும் வண்டிய நிறுத்தச் சொன்னான், இறங்கி மலையப் பாத்தான், உடனே போட்டோ எடுத்து சோனாப்பூருக்கு அனுப்பினான். கீழ தமிழ்லயே டைப் பண்ணியிருந்தான், "அண்ணே பர்வதம்".

வர்ற ஜூன்லயும் மூணு பேர் வர்றாங்க. உங்க மகன அன்னைக்கு எங்களோட ஏர்போர்ட்டுக்கு அனுப்புங்க, அவங்க அப்பாவுக்கு வர மனசு இருந்தா அவரையும் கூட்டிட்டு வாங்க, பெட்டி தூக்க ஆள் எப்பவும் பத்தாது.

அன்புடன்,
உங்க தம்பி