செடிச் சாயம்: நகரி, புத்தூர் பக்கத்து நெசவு வீடுகளின் கேள்விகளும் என் பதில்களும்

நகரி, புத்தூர், நாராயணவனம், பள்ளிப்பட்டு என்று ஆந்திர-தமிழ்நாட்டு எல்லையின் இரு பக்கமும் தறி வைத்திருப்பவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டவை இவை. காளஹஸ்தியில் சாயவேலை கற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, பீட்ரூட்டிலும் மஞ்சளிலும் பருத்தி நூலை நனைத்துப் பார்த்தேன். துவைத்ததும் எல்லாம் போய்விட்டது. எங்கே தப்பு? (நகரி, கல்லூரி மாணவி)

உங்கள் கைவேலையில் தப்பு இல்லை அம்மா. பீட்ரூட் நிறம் நூலைப் பிடிக்கவே பிடிக்காது, அதை விட்டுவிடுங்கள். மஞ்சள் பிடிக்கும், ஆனால் வெயிலில் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். மஞ்சள் நிறம்தான் வேண்டுமென்றால் காய்ந்த மாதுளைத் தோலை எடுங்கள்.

ஆனால் எந்தச் செடி என்பது இரண்டாவது கேள்வி. சாயம் நிற்பதும் நிற்காததும் அதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. எல்லாரும் அவசரப்பட்டுத் தாண்டுவதும் அதைத்தான். படிகாரம் தனியாகப் பருத்தியில் சரியாகப் பிடிக்காது, அதற்குக் கடுக்காயின் துவர்ப்பு வேண்டும். முதலில் நூலைச் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு நன்றாக அலசுங்கள். பசையும் மெழுகும் போகாத நூலில் எதுவும் ஏறாது. பிறகு ஒரு கிலோ நூலுக்கு 200 கிராம் கடுக்காய்த்தூள், கொட்டை நீக்கி இடித்தது. வெந்நீரில் கரைத்து வடிகட்டி, இரவு முழுக்க ஊறவிட்டு, பிழிந்து நிழலில் காயவையுங்கள். அலச வேண்டாம். அடுத்து 150 கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்துக் காயவிட்டு, லேசாக ஒரு அலசு. அதன்பிறகுதான் சாயப்பாத்திரம். பட்டுக்கு இவ்வளவு பாடு இல்லை, அது படிகாரத்தை நேராகவே வாங்கிக்கொள்ளும்.

எங்கள் போர் தண்ணீரில் எந்த நிறம் போட்டாலும் மங்கலாக வருகிறது. (புத்தூர்)

தண்ணீரில் இரும்பு இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் கடுக்காய்த்தூள் போட்டுப் பாருங்கள். சாம்பல் நிறமோ கருப்போ ஓடினால் அதுதான் காரணம். மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சத்துள்ள உப்புத் தண்ணீரைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். மஞ்சிட்டி, சாயவேர் போன்ற வேர்களில் எடுக்கும் சிவப்புகளுக்கு அது நல்லதே செய்யும்.

காளஹஸ்தியில் துணிக்கு எருமைப் பால் ஏன்? கருப்பு எப்படி வருகிறது? (பள்ளிப்பட்டு)

காளஹஸ்தி கலம்காரியில் துணிமேல் பேனாவால் கையாலேயே படம் எழுதுவார்கள். பாலின் கொழுப்பு இருந்தால் எழுதும்போது மை பரவாது, கோடு கோடாகவே நிற்கும். அதனால்தான் கடுக்காயோடு பாலும் சேர்த்துத் துணியை நனைக்கிறார்கள். கருப்புக்குத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட வேண்டும். கசிமி என்போம். பார்த்தால் வெறும் பழுப்புத் தண்ணீர், கடுக்காய்த் துணியில் பட்டதும் கறுக்கும். கடுக்காய் இல்லாத வெள்ளைத் துணியில் வெறும் துருக்கறைதான் விழும். ஒரு எச்சரிக்கை: இரும்பு அதிகமானால் சில வருடங்களில் அந்த இடத்தில் நூல் இற்றுப்போகும். பழைய துணிகளில் கருப்புக் கோடு மட்டும் கிழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சிவப்பு வேறு மாதிரி. படிகாரத்தால் எழுதிவிட்டு முழுத் துணியையும் மஞ்சிட்டியிலோ சாயவேரிலோ கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். சாயவேர் நம் சித்த வைத்தியர்கள் சொல்லும் இம்பூரல்தான். சோழமண்டலக் கரை மணலில் வளர்ந்த இந்தச் சின்னச் செடியின் வேரை நம்பி ஒரு பெரிய துணி வாணிபமே நடந்தது. அந்த வேரில் இருக்கும் அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருளை 1869 வாக்கில் ஜெர்மானியர்கள் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கியபின் தோண்டுபவர்கள் குறைந்துபோனார்கள்.

அவுரித் தொட்டி வைத்தேன். தண்ணீர் நீலமாகவே இருக்கிறது, துணியில் ஏறவில்லை. (நாராயணவனம்)

தண்ணீர் நீலமாக இருந்தால் தொட்டி இன்னும் தயாராகவில்லை. அவுரிச் செடியின் நீலம் தண்ணீரில் கரையாத பொருள். காற்று படாமல் புளிக்கும்போதுதான் அது நிறம் மாறிக் கரையும். வேகவைத்த தகரை விதை, சுண்ணாம்பு, நீலக்கட்டி, இவை சரியாகச் சேர்ந்தால் உள்ளே பச்சை கலந்த மஞ்சளாகவும் மேலே செப்பு மினுமினுப்போடு ஏடாகவும் இருக்கும். மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றமும் வரும். அப்போது நனைத்த துணி பச்சையாக வெளியே வந்து, காற்றில் உங்கள் கண்ணெதிரே நீலமாகும்.

மார்கழிக் குளிரில் தொட்டி தூங்கிவிடும். வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள், கொஞ்சம் வெல்லம் கொடுங்கள், அடிக்கடி கிளறாதீர்கள். கிளறக் கிளறக் காற்று உள்ளே போகும். ஒரே தடவை நெடுநேரம் முக்குவதைவிட, சிறிது நேரம் முக்கி எடுத்து, காற்றில் விரித்து, மறுபடி முக்குவதுதான் ஆழ்ந்த நீலத்துக்கு வழி. அவுரிக்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம்.

செம்மரத் தூளில் சாயம் எடுக்கலாமா? (கேட்டவர் ஊர் சொல்லவில்லை)

வேண்டாம். அதன் சிவப்பு தண்ணீரில் சரியாக இறங்காது. இறங்கினாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சேஷாசலம் காட்டில் அந்த மரத்துக்காக எத்தனை தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

ஆதிவாசிப் பகுதியில் வேரில் சாயம் போட்டு நெய்யும் சேலை ஒன்று பார்த்தேன், அடர் செம்பழுப்பு. அது எங்கே? நம்மால் முடியுமா? (நகரி, கைத்தறி நெசவாளர்)

கோட்பாட் (Kotpad) என்ற ஊர்த் துணியாக இருக்கும். ஒடிசாவில், ஆந்திர எல்லையை ஒட்டிய கோராபுட் மாவட்டத்தில் இருக்கிறது. நெய்பவர்கள் மிர்கான் சமூகத்தார். சுற்றுவட்டாரப் பழங்குடியினர் உடுத்திக்கொள்ளத்தான் தலைமுறையாக நெய்து வந்தார்கள், கடைக்காரர்கள் வந்தது பிறகு. 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாயம் போடாத வெள்ளை நூலும் வேர்ச்சாய நூலும் மட்டும் வைத்து நண்டு, சங்கு, மீன், கோடாலி எல்லாம் ஊடையில் (குறுக்கு நூலில்) எழுப்புவார்கள்.

அந்த வேர் ஆல் எனப்படும் மரத்தினுடையது. நம் ஊர் வேலியோரத்து நுணா, மஞ்சணத்தி என்கிறோமே, அதன் உறவு. அவர்கள் நூலைத் தயார் செய்யும் பொறுமைதான் என்னை அசரவைக்கிறது. விளக்கெண்ணெய், சாம்பல் நீர், சாணம் சேர்த்து ஊறவைப்பது, பிசைவது, காயவைப்பது, மறுபடி முதலிலிருந்து. சாயத்தைத் தொடுவதற்கு முன்பே வாரங்கள் போய்விடும். வேரின் வயதும் அளவும் மாற மாற இளஞ்சிவப்பிலிருந்து காப்பி நிறம் வரை வரும், இரும்பு சேர்த்தால் இன்னும் கறுக்கும்.

நுணா வேர்ப்பட்டையில் நீங்களும் முயலலாம், கடுக்காய், படிகாரம் போட்ட நூலில் சிவப்பு வரும். வீடு கட்டவோ ரோடு போடவோ வெட்டிய மரத்தின் வேரை எடுங்கள், நிற்கும் மரத்தைத் தோண்டாதீர்கள். அவர்கள் நண்டையும் சங்கையும் மட்டும் உங்கள் சேலையில் எடுத்துப் போட வேண்டாம். அவை அவர்கள் சொத்து.

கடையில் இயற்கைச் சாயம் என்று விற்பதை வீட்டில் சோதிக்க வழி உண்டா? (புத்தூர், தையல்காரர்)

நம்பகமான வழி இல்லை. எலுமிச்சை விட்டுப் பார்ப்பார்கள், சில நிறம் மாறும், சில மாறாது. நீலத்தில் சுத்தமாக முடியாது, 1897 முதல் விற்பனைக்கு வந்த தொழிற்சாலை நீலமும் அவுரி நீலமும் ஒரே பொருள்தான். விற்பவரிடம் எந்தச் செடி, எந்தக் காரம் (சாயத்தைப் பிடிக்க வைக்கும் படிகாரம் போன்ற பொருள்) என்று கேளுங்கள். வேலை செய்தவர் தயங்காமல் சொல்வார்.

மயில்துத்தம் போட்டால் பச்சை நன்றாக வருகிறதாம், சேர்க்கலாமா? (பள்ளிப்பட்டு)

கூடாது. அது செம்பு உப்பு, விஷம், கழிவுநீர் நம் கிணற்றுக்குத்தான் வரும். பச்சை வேண்டுமென்றால் முதலில் அவுரியில் இளநீலம் ஏற்றி, அலசிக் காயவைத்து, கடுக்காய், படிகாரம் கொடுத்து, மாதுளைத் தோலில் முக்குங்கள். கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி மூன்றும் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். தூளாக வாங்காமல் முழுசாக வாங்கி இடித்துக்கொள்ளுங்கள், தூளில் கலப்படம் அதிகம்.