வீடியோ கேம்களில் நாயகிகள் ஏன் குறைவு?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: “என் பொண்ணு ஆடுகிற கேமில் எல்லாம் ஹீரோ பையன்தான், ஏன்?”

நாயகிகள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள், கேம் செய்தவர்கள்தான் அவர்களை ஒளித்துவைத்தார்கள். 1986-ல் ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ வெளியிட்ட மெட்ராய்ட் கேமில் கவசம் போட்டுச் சுடும் சாமுஸ் ஒரு பெண். ஆனால் ஆங்கிலக் கையேடு ‘அவன்’ என்றே சொன்னது. 5 மணி நேரத்துக்குள் முடித்தால்தான் ஹெல்மெட் கழன்று முகம் தெரியும். இன்னும் வேகமாக முடித்தால் உடையும் குறையும்! பரிசு யாருக்கு என்று புரிகிறதல்லவா?

1996-ல் டூம் ரெய்டர் கேமின் நாயகி லாரா கிராஃப்ட் வந்தாள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது, விளம்பரமோ அவள் உடம்பைச் சுற்றியே நின்றது. 2013-ல்தான் அடிபட்டு, பயந்து, சமாளிக்கும் மனுஷியாக அவளைத் திருத்தி எழுதினார்கள்.

‘வாங்குவது பையன்கள்தானே’ என்ற பழைய கணக்கும் எடுபடாது. ஏலாய் என்ற பெண்ணை நம்பி 2017-ல் வந்த ஹொரைசன் ஜீரோ டான் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

சரி, உங்கள் பொண்ணுக்கு? புனேக்காரர்கள் 2020-ல் வெளியிட்ட ‘ராஜி’யைப் பாருங்கள். அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடும் சர்க்கஸ்காரப் பெண். திரிசூலத்தோடு தூணைச் சுற்றிச் சுழன்று அடிப்பாள். சண்டை கொஞ்சம் தூக்கல், முதலில் நீங்கள் ஆடிப் பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டரிலேயே ஓடும்.